மேம்பாலத்தில் பழகி ஆந்திராவின் கண்டிக்கோட்டைக்குச் சைக்கிளில் ஏறுவது எப்படி

வடசென்னையில் மேடு என்று காட்ட மேம்பாலத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. மூலக்கடை, பெரம்பூர், மின்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். "இதை வைத்துக்கொண்டு கண்டிக்கோட்டை ஏற முடியுமாக்கா?" என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். முடியும். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வயது நாற்பத்தாறு, முட்டி கொஞ்சம் முனகும். என்னால் முடிகிறது என்றால் உங்களாலும் முடியும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டிக்கோட்டை போன்ற பள்ளத்தாக்குச் சாலையில் ஆளைக் கவிழ்ப்பது ஏற்றம் இல்லை. எதிர்காற்று, வெயில், கடையே இல்லாத நீண்ட ரோடு, இந்த மூன்றும்தான். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தண்ணீர் தீர்ந்தாலும் டியூப் கிழிந்தாலும் தள்ளிப் பயனில்லை. ஆகவே தொடைக்குக் கொடுக்கும் பயிற்சியில் பாதியைத் தனியாகச் சமாளிக்கும் பழக்கத்துக்குக் கொடுங்கள்.

கண்டிக்கோட்டை கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு என்ற ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி இருக்கிறது. பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகிற இடம். இரண்டு பக்கமும் சிவப்புக் குவார்ட்சைட் பாறை செங்குத்தாக நிற்கும், கீழே ஆறு. விளிம்பின்மேல் பழைய கோட்டை, உள்ளே மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, ஒரு பெரிய தானியக் களஞ்சியம். இந்தப் பெண்ணாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து நெல்லூரைத் தாண்டிக் கடலில் சேருவது. நம் கடலூர்ப் பக்கம் வரும் தென்பெண்ணை வேறு. அதுவும் நந்தி மலைப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது, அதனால் பலர் குழப்பிக்கொள்வார்கள். நம் அடுப்படி மேடையில் போட்டிருக்கும் கருப்புக் கடப்பா கல் வெட்டி எடுக்கிற வட்டாரமும் இதுவே. அந்தக் கல் உங்கள் டயரை என்ன செய்யும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காற்றோடு பழகுவது

நம்மிடம் மலை இல்லை, காற்று இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, கடல் கிழக்கே. அதனால் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். பக்கக்காற்றில் ஹேண்டிலை இறுகப் பிடிக்காமல், முழங்கையை மடக்கி, நேர்கோட்டில் போகப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரே நிபந்தனை, ஞாயிறு விடியற்காலை மட்டும். மற்ற நாட்களில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு டிரெய்லர் தாண்டும்போது முதலில் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு தெரியாதவர் அதன் பக்கத்தில் ஓட்டவே கூடாது.

அடுத்தது மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு. பொன்னேரி தாண்டிய பிறகு இரண்டு பக்கமும் திறந்த வெளி. டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், போகும்போது முகத்தில் அறையும். அதுதான் நமக்கு வேண்டியது. ஸ்பீடோமீட்டரைப் பார்க்காதீர்கள். மணிக்கு 17 கி.மீ. என்று காட்டினால் மனசு விட்டுப்போகும். பெடல் நிமிடத்துக்கு எண்பது சுற்று சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு வார்த்தை பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். கொஞ்சம் பழகிய பிறகு, அதே எதிர்காற்றில் ஐந்து நிமிடம் கனமான கியரில், சீட்டிலிருந்து எழாமல், நிமிடத்துக்கு 55, 60 சுற்றில் மிதியுங்கள். ஐந்து நிமிடம் இலேசாக ஓட்டிவிட்டு மறுபடி. ஏற்றத்தில் தொடை என்ன உணருமோ அதேதான் இங்கேயும். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சீட் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம்.

சரி, மேம்பாலம் எதற்கு? கால் வலுவுக்கு இல்லை. 100 மீட்டர் போவதற்குள் மூன்று நான்கு மீட்டர்தான் உயரும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கியர் மாற்றும் நேரத்தை அது சொல்லிக்கொடுக்கும். ஏற்றத்தின் நடுவில், பெடலை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கடகடவென்று கத்தும், கழன்றும் விழலாம். ஏற்றம் ஆரம்பிக்கும் முன்பே இலேசான கியருக்கு வந்துவிட வேண்டும். மாற்றும் அந்த ஒரு சுற்றுக்கு மிதியைத் தளர்த்த வேண்டும். மூலக்கடை மேம்பாலத்தில் விடியற்காலை ஏறி இறங்கி இதைக் கை தானாகச் செய்கிற வரை பழகுங்கள். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, உடம்பைப் பின்னால் தள்ளி, சறுக்காமல் நிற்கவும் அங்கேயே பழகிக்கொள்ளலாம்.

ஆரணியாற்றை ஒட்டி ஒரு ஒத்திகை

கடப்பாவுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் நாகலாபுரம் ஒருமுறை போய்வாருங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து போய்வர சுமார் 140 கி.மீ. மாதவரம் ரவுண்டானா, செங்குன்றம், காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலம், ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோடு. இதுவரை ஜி.என்.டி. ரோடு, அதாவது கொல்கத்தா நெடுஞ்சாலை, ரசிப்பதற்கு ஒன்றுமில்லை. இருட்டு பிரிவதற்குள் தாண்டிவிடுங்கள். கூட்டு ரோட்டில் இடது பக்கம் திரும்பினால் பெரியபாளையம். ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் போகவே வேண்டாம். பவானி அம்மன் கோயிலுக்கு ஊரே வேனிலும் ஆட்டோவிலும் கிளம்பியிருக்கும்.

பெரியபாளையத்திலிருந்து ஆரணியாறு கூடவே வரும். ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திரா, உடனே சுருட்டப்பள்ளி. சிவன் படுத்த கோலத்தில் இருக்கும் கோயில் ஆற்றங்கரையிலேயே. அங்கே சைக்கிளை நிழலில் சாத்திவிட்டு ஒரு கால் மணி நேரம் காலை நீட்டலாம். அதற்குப் பிறகு இடமும் வலமும் குன்றுகள் தலைகாட்டும். ரோடு இலேசாக ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது, ஆனால் சமதரையிலேயே ஓட்டியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் முதல் பாடம். இறக்கத்தில் கிடைத்த வேகத்தை அடுத்த ஏற்றத்தின் பாதி வரை கொண்டுபோகப் பாருங்கள். பெடலை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

நாகலாபுரத்தில் திரும்பும்போது மணி பத்தாகிவிடும். வெயிலும் கடல்காற்றும் சேர்ந்து எதிரே வரும். அந்த நேரத்தில் உங்களால் கோபப்படாமல், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று பறக்காமல், சாப்பிட்டுக் குடித்துக்கொண்டே வீடு வந்து சேர முடிகிறதா? முடிந்தால் கண்டிக்கோட்டைக்குத் தயார்.

சைக்கிளில் என்ன பார்க்க வேண்டும்

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம். கியர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 32 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு சைக்கிள் 2.27 மீட்டர்போல நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. சொச்சம். அந்த வேகத்தில் விழாமல் ஓட்டலாம், முட்டியும் பிழைக்கும். நிறைய ரோடு சைக்கிள்களில் பின்னால் 25 அல்லது 28 வரைதான் போட்டுத் தருகிறார்கள். 32 போட வேண்டும் என்றால் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) நீளமாக இருக்க வேண்டும், குட்டை டிரெய்லியரில் அது ஏறாது. கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு) வாங்கிவிட்டு அப்புறம் டிரெய்லியருக்கும் பணம் கட்டினால் பட்ஜெட் உதைக்கும்.

டயர் அகலம் 28 மி.மீ., ஃபிரேமில் இடமிருந்தால் 32. மெல்லிய டயரில் கல்லுபோல காற்றடித்து ஓட்டுவது இங்கே உதவாது. அறுபது, அறுபத்தைந்து கிலோ ஆள் என்றால் 28-க்கு 70, 75 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். ஜம்மலமடுகு, எர்ரகுண்ட்லா சுற்றுவட்டாரம் சுண்ணாம்புக் கல் பூமி. கல் ஏற்றிய லாரி, சிமென்ட் லாரி போகும் ரோட்டின் ஓரமெல்லாம் சில்லுகள் சிதறிக் கிடக்கும், முனை கத்திபோல இருக்கும். இது டயரை ஓட்டை போடுவதோடு நிற்காமல் பக்கவாட்டில் கிழித்தும் விடும். கிழிந்த டயருக்குள் புது டியூப் போட்டால் பிதுங்கி வெடிக்கும். பழைய டயரிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்திருங்கள், உள்பக்கம் வைத்து டியூப்பைப் போட்டால் ஊர் வந்து சேரலாம். அவசரத்துக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டை மடித்து வைத்தாலும் தாங்கும்.

டியூப் இரண்டு, பஞ்சர் பசை, டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு. இத்தோடு ஒரு சின்ன பித்தளை அடாப்டர். நம் சைக்கிளில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. வழியில் இருக்கும் பஞ்சர் கடை கம்ப்ரஸர் அதில் உட்காராது. இருபது முப்பது ரூபாய் அடாப்டர் இருந்தால் எந்தக் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். செயின் அறுந்தால் சேர்க்க ஒரு குவிக் லிங்க், அதைப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். என் அண்ணன் மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஷூ விஷயத்தில் என் கருத்து கறாரானது. ஷூவைப் பெடலோடு பூட்டும் கொக்கிதான் கிளீட். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ரோடு கிளீட் இங்கே வேண்டாம். அடியில் பதிந்திருக்கும் எஸ்பிடி கிளீட் போடுங்கள், இல்லாவிட்டால் சாதா ஷூ. பள்ளத்தாக்கின் விளிம்பில் தடுப்புக் கம்பியை நம்ப முடியாது, பாறை வழவழப்பு. கிளீட்டோடு அதன்மேல் நடப்பது தற்கொலை. பையில் ஒரு ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேருவது

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், கடப்பாவில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அக்டோபர், நவம்பரில் புயல் மழை பிடித்துக்கொள்ளலாம். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை நல்ல காலம்.

நமக்கு ஒரு சௌகரியம், ஆந்திரா பஸ்கள் 2018 முதல் மாதவரம் பஸ் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. வண்ணாரப்பேட்டையிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். கடப்பா பஸ்ஸில் டிக்கி இருக்கிறதா என்று கண்டக்டரிடம் கேளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, டிரெய்லியர் இருக்கும் வலது பக்கம் மேலே வரும்படி படுக்கவைத்து, பழைய பெட்ஷீட்டைச் சுற்றிவிடுங்கள். லக்கேஜ் காசு கேட்பார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு நீங்களே உள்ளே வைப்பது நல்லது. மூட்டையை அதன்மேல் போடாமல் இருக்க கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். ரயில் என்றால், சென்னையிலிருந்து மும்பை போகும் வழித்தடம் ரேணிகுண்டா, கடப்பா, எர்ரகுண்ட்லா வழியாகத்தான் போகிறது. பார்சல் ஆபீஸில் பதிவு செய்வதாக இருந்தால் கடப்பாவுக்கே செய்யுங்கள். சின்ன ஸ்டேஷனில் ஓரிரு நிமிட நிறுத்தத்தில் லக்கேஜ் வேனைத் திறந்து இறக்குவார்கள் என்று நம்ப முடியாது.

கடப்பாவிலிருந்து ஜம்மலமடுகுக்குச் சைக்கிளிலேயே போகலாமே என்று தோன்றும். எர்ரகுண்ட்லா வழி சிமென்ட் லாரி வழி. புழுதி தின்றுகொண்டே போவதில் என்ன சுகம்? ஜம்மலமடுகு வரை இன்னொரு பஸ் பிடியுங்கள்.

அமைதியான ரோட்டைக் கண்டுபிடிப்பது

போன் மேப்பில் தடிமனாகத் தெரியும் பெரிய ரோடுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஆற்றை ஒட்டிப் போகும் மெல்லிய கோடு, பைபாஸ் வந்த பிறகு ஊருக்குள் ஒதுங்கிவிட்ட பழைய ரோடு, அணைக்கட்டுக்கென்று போட்ட ரோடு, இந்த மூன்றும் பெரும்பாலும் காலியாக இருக்கும். சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருப்பாகத் தெரிந்தால் தார், வெளுப்பாகத் தெரிந்தால் மண் அல்லது பெயர்ந்த ஜல்லி. ஜம்மலமடுகு, புரொத்தட்டூர் பக்கம் கரிசல் பூமி. மழை பெய்த மறுநாள் மண் பாதையில் இறங்கினால் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் களி அடைத்துக்கொண்டு சைக்கிள் நகராது, தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

பள்ளத்தாக்கு ஊர்களில் மேப் இரண்டு விதமாக ஏமாற்றும். முதலாவது பாலம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் கேட்கும்போல இருக்கும். ஆனால் இடையில் ஆறு ஆழத்தில் ஓடுகிறது, கடக்க வழி கிடையாது. பாலம் இருக்கும் இடத்துக்குச் சுற்றிப்போனால் அரை நாள் போய்விடும். அதனால் ரூட் போடும்போது முதலில் பாலங்களைக் குறித்துக்கொண்டு, அப்புறம் ரோட்டைத் தேடுங்கள். இரண்டாவது உயரக் கணக்கு. ஆப் காட்டும் உயரம் பெரும்பாலும் முப்பது மீட்டர் அல்லது அதற்கும் பெரிய கட்டங்களாக எடுத்த செயற்கைக்கோள் அளவிலிருந்து வருகிறது. செங்குத்துப் பாறையை ஒட்டி ரோடு போகும் இடத்தில் பாறை உச்சியையும் ரோட்டையும் அது கலந்துவிடும். 20 சதவீத ஏற்றம் என்று ஒரு ஊசிமுனை காட்டும். போய்ப் பார்த்தால் சமதரையாக இருக்கும். அந்த முனைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பத்து கிலோமீட்டருக்கு மொத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குன்றுகளுக்கு நடுவில் சிக்னல் வரும், போகும்.

ஏறும் நாள்

முதல் நாள் ராத்திரி சாதாரணச் சாப்பாடு. கிளம்புகிற உற்சாகத்தில் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டு, மேலே ஒரு முட்டை பேஜோவும் தள்ளிவிட்டு பஸ் ஏறாதீர்கள். வயிறு கடப்பாவில் பதில் சொல்லும். காலையில் எனக்குக் கேழ்வரகுக் கூழ்தான், அல்லது வாழைப்பழமும் இட்லியும். ஜம்மலமடுகில் நாலு இட்லி சாப்பிட்டு, இரண்டு பாட்டிலையும் நிரப்பி, மூன்றாவதாக ஒரு லிட்டர் பாட்டிலைச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை முதல் முக்கால் லிட்டர் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட்டில் பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. 600 மில்லி பாட்டிலில் சின்னது மூன்று போடுங்கள். பெரிய பாக்கெட்டை அப்படியே சின்ன பாட்டிலில் கொட்டினால் உப்பு அதிகமாகி நல்லதைவிடக் கெடுதல்தான் செய்யும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து.

ஆறரைக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். முதல் சில கிலோமீட்டர் சமமாக இருக்கும், அங்கே பறக்காதீர்கள். குன்று நெருங்கியதும் ரோடு வளைந்து ஏற ஆரம்பிக்கும். முன் பல்சக்கரத்தைச் சின்னதற்கு அப்போதே மாற்றிவிடுங்கள். கையை ஹேண்டிலின் மேல்பகுதியில் வைத்து, தோளைத் தளர்த்தி, உட்கார்ந்தே மிதியுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் குறையுங்கள், எட்டு கிலோமீட்டர் வேகம் ஒரு குறையே இல்லை. எழுந்து நின்று மிதிப்பது வளைவில் திடீரென்று செங்குத்தாகும் இடத்துக்கு மட்டும், இருபது முப்பது மிதி, அப்புறம் உட்காருங்கள். இடது பக்க வளைவில் உள்ஓரம் எப்போதும் செங்குத்து அதிகம். எதிரே வண்டி இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்றால் நம் பாதிக்குள்ளேயே கொஞ்சம் வெளிப்பக்கமாகப் போகலாம். நடுக்கோட்டைத் தாண்ட வேண்டாம். காலியான ரோட்டில் வருகிற ஒரே வண்டிதான் வேகமாக வரும்.

பள்ளத்தாக்குக்குள் காற்று எந்தப் பக்கம் என்று வானிலை ஆப் சொல்வதை நம்பாதீர்கள். பாறை திருப்பிவிடும். ஒரு வளைவில் முதுகைத் தள்ளிய காற்று அடுத்த வளைவில் நெஞ்சில் மோதும். பழவேற்காட்டில் பழகியதை இங்கே எடுத்து வைக்க வேண்டியதுதான்.

அறுவடைக் காலத்தில் ரோட்டின் பாதியில் சோளமோ கடலையோ காயப்போட்டிருப்பார்கள். கதிரை வண்டிச் சக்கரம் மிதிக்கட்டும் என்றே பரப்பி வைப்பதும் உண்டு. காய்ந்த தானியத்தின்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராக, பிரேக் தொடாமல் தாண்டுங்கள். அவர்கள் உழைப்பின்மேல் ஏறாமல் ஓரமாகப் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஆட்டு மந்தை வந்தால் நின்றுவிடுங்கள். மணி அடித்தால் ஆடு எல்லாப் பக்கமும் சிதறும். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் அதற்கு சுவாரஸ்யம் போய்விடும். ஊருக்குள் நுழையும் இடத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் பெயின்ட் அடிக்காத வேகத்தடை இருக்கும், இறக்கத்தில் இதுதான் பெரிய ஆபத்து.

கோட்டையோடு ரோடு முடிந்துவிடும். தங்க ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹோட்டல் இருக்கிறது, கூடார முகாம்களும் உண்டு. வார இறுதி, நீண்ட விடுமுறை என்றால் பெங்களூர், ஹைதராபாத் கார்கள் நிறைந்துவிடும். ஆபீஸில் லீவு கெஞ்சியாவது செவ்வாய், புதன் போங்கள். விளிம்புக்கு மாலை நாலரைக்கு மேல் போவது நல்லது, அதற்கு முன் பாறை அனல் கக்கும். படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகராதீர்கள். கீழே தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் குளிக்க இறங்க வேண்டாம், கரை செங்குத்து, ஆழம் தெரியாது.

மறுநாள் இறங்குவது. ஏறியவர்கள் இதைத்தான் அலட்சியம் செய்வார்கள். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம். வெளிப்பக்கக் காலைக் கீழே அழுத்தி வையுங்கள், கண் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) சைக்கிள் என்றால் விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள், ரிம் சூடாகும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு வர வேண்டும். வளைவின் ஓரத்தில் சரளை சேர்ந்திருக்கும்.

கீழே வந்ததும் மைலவரம் அணைப் பக்கம் போகலாம், பெண்ணாற்றின் தண்ணீரை அகலமாகப் பார்க்க. கால் இன்னும் இருக்கிறது என்றால் பேலம் குகைகள். கண்டிக்கோட்டையிலிருந்து சுமார் 60 கி.மீ., சுண்ணாம்புப் பாறைக்குள் 3,229 மீட்டர் நீளம். நிலத்தடி என்பதால் உள்ளே புழுக்கம் அதிகம், சைக்கிள் ஓட்டிய உடம்போடு நேராக இறங்காமல் கொஞ்சம் ஆறிவிட்டுப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ராகி சங்கட்டி கிடைத்தால் விடாதீர்கள். நம்மூர்க் களிதான், ஆனால் அரிசியும் சேர்ந்திருக்கும், நாட்டுக்கோழிக் குழம்போடு தருவார்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் சைக்கிளைத் தொடக் கூடாது.

பெண்களுக்கு மட்டும்

ஆண்கள் எழுதும் குறிப்புகளில் இது இருப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கழிப்பறைக்குப் பெரிய ரோட்டை விட்டுத் திரும்புவதற்கு முன் கடைசி பெட்ரோல் பங்க்கைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். ஊர்களில் இறங்கும்போது மேலே போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய ட்ராக் பேன்ட் வைத்திருக்கிறேன். மாதவிடாய் நாள் வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பழக்கமானவர்களுக்குக் கப் வசதி, ஆனால் புதிதாகப் பழகுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் விஷயத்தில், ஆண்களுக்கென்று வரும் ஒல்லி சீட்டில் ஓட்டி வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். இடுப்பெலும்பு உட்காரும் அகலத்துக்கு மாற்றிவிடுங்கள். நான் செய்த செலவுகளில் இதற்குத்தான் நான் வருத்தப்பட்டதே இல்லை.

தனியாகப் போனால், கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் ஒருவருக்காவது நேரம் சொல்லி வையுங்கள். "பதினோரு மணிக்குள் வராவிட்டால் போன் போடுங்கள்" என்று தங்கும் இடத்தில் சொல்லிவிடுவேன். நகரி, புத்தூர் வரை தமிழ் ஓடும், கடப்பாவில் அவ்வளவாக ஓடாது. தண்ணீர், பஞ்சர் கடை, எவ்வளவு தூரம், இந்த மூன்றையும் தெலுங்கில் கேட்கக் கற்றுக்கொண்டால் போதும். வழியில் நிறுத்தி "எங்கேருந்தும்மா?" என்று தெலுங்கில் கேட்பவர்களிடம் மெட்ராஸ் என்று சொன்னால் முகம் மலரும், பாதிப் பேருக்கு இங்கே ஒரு உறவினர் இருப்பார்.

ஊர் திரும்பியதும் அன்றைக்கே சைக்கிளைக் கழுவிவிடுங்கள். அந்தக் கல் புழுதி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் வேலை செய்யும், சீக்கிரமே செயின் தேய்ந்துவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து, காய்ந்த பிறகு ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். நம் பக்கம் உப்புக்காற்று என்பதால் துடைத்த செயினை எண்ணெயில்லாமல் ராத்திரி விட்டுவைக்காதீர்கள், காலையில் துரு பிடித்திருக்கும். டயரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, பதிந்திருக்கும் கல் சில்லை ஊசியால் எடுத்துவிடுங்கள். பாதி சில்லு அடுத்த வாரம் திருவொற்றியூர் தேரடி அருகில்தான் உள்ளே இறங்கும்.